ஒரு சாமான்கூடப் போகவில்லை

1

இந்தக் கதை வெண்டலின் வாயிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து என் கற்பனை வளத்தைப் பாராட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஏற்கெனவே இருக்கிற கோபம் போதும்.

போன வருடம் மார்ச் மாதம், ஒரு சாயங்காலம். வெண்டல் என் கணவன் ராய்ஸின்* மீன்பிடிக் கூட்டாளி. ராய்ஸின் கயாக்கை, அந்த ஒற்றை ஆள் துடுப்புப் படகை, தன் டிரக்கில் ஏற்றிவந்து எங்கள் வீட்டு முன்னால் இறக்கினான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"நடீன், படகு கவுந்துதான் கெடந்துச்சு. ஆனா ஒரு சாமான்கூடப் போகல. தூண்டில் ஆறும் அப்படியே இருக்கு. குறடுகூட இருக்கு. நம்ம ராய்ஸ் கட்டுனா கட்டுனதுதான்."

அவன் கண் சிவந்திருந்தது. துக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலில் ஒரு பெருமையும் இருந்தது. ஆறு தூண்டில், அவற்றின் ரீல்கள், குறடு, கைவலை, மீனை வைத்து அளக்கும் பலகை, தண்ணீர் புகாத உறைக்குள் போன், காபிக் குடுவை, எல்லாமே சுருள் கயிற்றால் படகோடு பிணைக்கப்பட்டிருந்தன. கவிழ்ந்த படகுக்கு அடியில் கொடியில் போட்ட துணி மாதிரி வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தனவாம். படகோடு கட்டப்படாதது ஒன்றே ஒன்றுதான். வெண்டல் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அது இன்னும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் பாலத்துக்குக் கீழே கிடைத்தது.

[* கட்டிய புருஷனை அவன் இவன் என்று எழுதுகிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் அவர் என்று எழுதியிருப்பேன்.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அதிகாலைப் பனி பெல்மோர் ஏரியின் மேல் மெல்லப் படர்ந்து, தூரத்து மலைகளை—"

அடித்துவிட்டேன். அந்த ஏரியை அழகாக எழுத என் கை வரவில்லை. ஏரியின் அழகு வேண்டுமென்றால் நாட்காட்டி வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தொடக்கம்: "ராய்ஸ் டிட்வெல் ஒழுங்கான மனிதன்." இதை அடிக்க முடியவில்லை. இது உண்மை. இந்த உண்மைதான் என்னை அரிக்கிறது.

எங்கள் கராஜுக்குள் கார் நின்றதே இல்லை. ஒரு சுவர் முழுக்கத் தூண்டில் கோல்கள். ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு வண்ணப் பட்டை சுற்றியிருப்பான். ரப்பர் புழு இரைக்குப் பச்சை, பொய்த் தவளை இரைக்கு மஞ்சள், பாறை ஓரத்துக்குச் சிவப்பு. ரப்பர் புழுக்களை முதலில் நிறவாரியாகப் பிரித்து, பிறகு நீளவாரியாக அடுக்கி, இழுப்பறைகளில் வைத்திருப்பான். எதிர்ச் சுவரில் ஆணிப் பலகை. அதில் ரம்பம், சுத்தியல், இடுக்கி எல்லாவற்றுக்கும் அவற்றின் உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்து வைத்திருந்தான். ரம்பத்தின் உருவத்துக்குள் ரம்பம்தான் தொங்க வேண்டும். அந்த வீட்டில்தான் நானும் இருந்தேன். என் பிறந்தநாளுக்கு அவன் மூளையில் ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படகிலும் அப்படித்தான். இருக்கைக்குப் பின்னால் பால் புட்டி வைக்கிற பிளாஸ்டிக் கூடை ஒன்று. அதன் ஓரத்தில் நான்கு குழாய்கள், நான்கு தூண்டில்கள். மீதி இரண்டு முன்பக்கம் படுத்திருக்கும். திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை விட்டு, வேண்டிய தூண்டிலை உருவி எடுப்பான். கயாக்கில் உட்கார்ந்தால் தண்ணீர் ஒரு சாண் கீழே இருக்கும். கைதவறிப் போட்டது போனதுதான். ஒருமுறை நல்ல தூண்டில் ஒன்று அப்படிப் போய்விட்டது. என் சித்தப்பா செத்ததற்குக்கூட அவன் அவ்வளவு வருத்தப்படவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாவற்றுக்கும் கயிறு வந்தது. குறடுக்குக் கயிறு, குடுவைக்குக் கயிறு.

லைஃப் ஜாக்கெட்டுக்கும் இடம் இருந்தது. அதைக் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். பாசிப்பச்சை நிறம், நிறையப் பைகள். இருக்கையின் முதுகுச் சட்டத்தில் ஒரு கொக்கி பொருத்தி, அதில் மாட்டியிருந்தான். டிரக்கில் நெடுஞ்சாலையில் போகும்போது காற்றில் பறந்துவிடாமல் இருக்க, ஜாக்கெட்டின் துணிக் காதையும் கொக்கியையும் சேர்த்துத் திருகி மூடுகிற இரும்பு வளையம் ஒன்றையும் போட்டிருந்தான். எனக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது, நான் கொடுத்த பொருளுக்கு இடம் கிடைத்துவிட்டதே என்று. அந்த இடம் அவன் உடம்பு இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

3

மூன்றாவது வரைவில் அவன் பெயரை மாற்றிப் பார்த்தேன். ஜெரால்ட்.

ஜெரால்டுக்கும் அதே படகு, அதே ஏரி, அதே மார்ச் மாதக் குளிர். ஆனால் அவன் அடுக்கத் தெரியாத ஆள். ஒரு தூண்டிலுக்கும் கயிறு கட்டியிருக்க மாட்டான். குறடு எங்கே என்று தினமும் தேடுவான். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைக்க இடம் யோசிக்கச் சோம்பல், அதனால் போட்டுக்கொண்டே இருப்பான். பின்பக்கத் தூண்டிலை எடுக்கத் திரும்புகிறபோது படகு கவிழ்கிறது. (ராய்ஸுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் பார்க்கவில்லை.) ஜெரால்ட் உள்ளே போய், உடனே மேலே வருகிறான். இருமுகிறான். இங்கே அச்சிட முடியாத வார்த்தைகளில் ஏரியைத் திட்டுகிறான். பல் கிடுகிடுவென்று அடிக்க, காலை உதைத்து உதைத்துக் கரைக்கு வருகிறான்.

வீட்டுக்கு வந்து ஈரப் பூட்ஸோடு அடுப்படிக்குள் நுழைகிறான்.

"எல்லாம் போச்சு, நடீன். ஆறு தூண்டிலும் போச்சு. தவளைத் தூண்டிலும் போச்சு."

"போனா போகுது. பூட்ஸ அவுத்துட்டு வா."

"உனக்கென்ன தெரியும், அதோட அருமை!"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தூண்டில்களுக்காகக் கண்ணீர் விடுகிறான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன். கதை அவ்வளவுதான். அந்தக் கதையில் எல்லாச் சாமானும் போய்விடுகிறது.

இதை என் பதிப்பாசிரியரிடம் காட்டினேன். (எனக்கு இரண்டு புத்தகங்கள் வந்திருக்கின்றன. எங்கள் ஊரில் அவற்றைப் படித்தவர்கள் நூலகத்துப் பெண்ணும் என் மாமியாரும். மாமியார் பாதியில் நிறுத்திவிட்டார்.) பதிப்பாசிரியர் படித்துவிட்டு, "இதுல கதையே இல்லையே, நடீன்" என்றார். இல்லைதான். எனக்குக் கதை இல்லாத வீடுதான் வேண்டும். ஈரப் பூட்ஸும் முணுமுணுப்புமாக, எழுதுவதற்கு ஒன்றுமே இல்லாத வீடு. அதை யாரும் அச்சுப் போட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

ஜெரால்டை இத்தோடு அனுப்பிவிடுகிறேன். போய்வா, ஜெரால்ட். பூட்ஸைத் துடைத்துவிட்டுப் போ.

4

இந்த வருடம் பிப்ரவரியில் கிளின்ட் வந்தான். கயாக் மீன்பிடிக் கழகத்தின் தலைவர். என் அடுப்படி மேசையில் உட்கார்ந்து, நான் வைத்த இனிப்புத் தேநீரைக் குடித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தான்.

"நடீன் மேம், வர்ற மார்ச்ல ராய்ஸ் அண்ணன் பேர்ல ஒரு போட்டி வைக்கலாம்னு இருக்கோம். நினைவுப் போட்டி. முடிஞ்சதும் கெளுத்தி வறுவலோட சாப்பாடு. எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை. முதுகுல ஒரு வரி போடணும். எழுதறவங்க நீங்கதான..."

"என்ன வரி?"

"நாங்களே ஒண்ணு யோசிச்சோம். 'நேசித்ததைச் செய்தபடியே விடைபெற்றான்.' எப்படி?"

நான் அவனைப் பார்த்தேன். நல்ல பையன். தேவாலயத்தில் நாற்காலி அடுக்குகிறவன். அந்தத் தேநீர்ச் சாடியை எடுத்து அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

"கிளின்ட், அவன் நேசிச்சது மீன் பிடிக்கறது. அவன் செத்தது தண்ணி குடிச்சு. ரெண்டும் ஒண்ணா?"

"அப்படி இல்ல மேம்..."

"ஐஸ் மாதிரி தண்ணில மூச்சு முட்டி சாகறத எவன் நேசிப்பான்? உனக்குத் தெரிஞ்சவன் யாராவது இருந்தா சொல்லு, சட்டைல போடலாம்."

அவன் தேநீர்க் குவளையைச் சுற்றிச் சுற்றி வைத்தான். பிறகு ஒரு படத்தை எடுத்துக் காட்டினான், விளம்பரத் தட்டிக்காக. ராய்ஸ் படகில் உட்கார்ந்து, கொழுத்த பாஸ் மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, காதுவரை சிரிக்கிறான். தோளுக்குப் பின்னால், கொக்கியில், பாசிப்பச்சை நிறத்தில் என் கிறிஸ்துமஸ் பரிசு தொங்குகிறது. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. குழுவில் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த படமாம்.

"சட்டையும் வேணாம், தட்டியும் வேணாம். ஒரே ஒரு விதி போடு. தண்ணில எறங்கறவன் எவனா இருந்தாலும் லைஃப் ஜாக்கெட்ட உடம்புல போட்டிருக்கணும்."

"படகுல இருக்கணும்னு விதி இருக்கே மேம்."

"ராய்ஸ் படகுலயும் இருந்துச்சு."

"வளர்ந்த ஆம்பளைங்ககிட்ட போய், பட்டன் போடு, பட்டை மாட்டுன்னு எப்படி மேம் சொல்றது? சிரிப்பாங்க."

"மீன் வாய மூடியிருக்கணும்னு சொல்றீங்கள்ல?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் போட்டியில் மீனைக் கொல்வதில்லை. பிடித்த மீனைப் பலகையில் படுக்க வைத்து, போட்டி அன்று தருகிற அடையாள எண் அட்டையோடு படம் எடுத்து அனுப்பிவிட்டு, மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். மீன் வாய் திறந்திருந்தால் அளவு குறைப்பார்கள். கை செவுளை மறைத்தால் படம் செல்லாது. இதற்கெல்லாம் நடுவர்கள் இருக்கிறார்கள், மேல்முறையீடு இருக்கிறது. ராய்ஸின் போனில் இருந்த கடைசிப் படம் அப்படி ஒன்றுதான். போட்டி இல்லாமல் சும்மா பழகப் போன அந்த நாளிலும் விதிப்படி எடுத்திருக்கிறான். பலகையில் ஒரு மீன், வாய் ஒழுங்காக மூடியிருக்கிறது. அந்த மீன் இன்றைக்கும் அந்த ஏரியில் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே மீனைக்கூடச் சாக விடமாட்டார்கள்.

கிளின்ட் எழுந்தான். வாசல் வரை போய்த் திரும்பினான்.

"குழுவுல பேசறேன் மேம். ஷெல்பி சொல்லியிருப்பாளே... அவளும் பேர் குடுத்திருக்கா. ராய்ஸ் அண்ணன் படகுலயேதான் வர்றாளாம். எங்களுக்கெல்லாம் கண்ணு கலங்கிடுச்சு."

ஷெல்பி என் மகள். எனக்கு இருப்பவள் அவள் ஒருத்திதான். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

5

இதுவரை எழுதியது ஒரு செத்தவனைப் பற்றிய கதை. செத்தவனுக்கு இனி என்ன ஆகிவிடப் போகிறது? எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், திருத்தி எழுதலாம். ஆனால் கிளின்ட் கதவைச் சாத்திக்கொண்டு போன நிமிடத்தில் கதை என் கையை விட்டுப் போனது. இனிமேல் இது உயிரோடு இருக்கிறவளைப் பற்றியது. இங்கே வார்த்தையை வைத்து விளையாட எனக்குத் தைரியம் இல்லை.

"ஷெல்பி கராஜில், மாலை வெயில் அவள் கூந்தலில்—"

வெயிலும் வேண்டாம், கூந்தலும் வேண்டாம். அவள் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து அதே நீல உடையில் நேராக வந்து, அப்பாவின் தூண்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, படகில் செருகிக்கொண்டிருந்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு. அதே வரிசை. கயிறுகளை இழுத்து இழுத்துப் பார்த்தாள். இருக்கையின் முதுகுப் பக்கம் லைஃப் ஜாக்கெட் ஒரு வருடத் தூசியோடு கொக்கியில் தொங்கியது. அதை அவள் தொடவில்லை.

"எப்ப சொல்றதா இருந்த?"

"நீ கத்துவேன்னுதான் சொல்லல."

"கத்தல. போ. போய்ப் பிடி. அத மட்டும் எடுத்து இப்பவே போட்டுக் காட்டு."

"அம்மா, ஆரம்பிக்காத."

"போட்டுக் காட்டுடி."

"கை வீசும்போது பட்டை உரசுதும்மா. ரீல் கைப்பிடி போய் மாட்டிக்குது. எறங்கும்போது போட்டுக்கறேன், சரியா? அப்புறம் பின்னாடிதான இருக்கப் போகுது. அப்பா வச்ச எடத்துலயே."

"அப்பா வச்ச எடமா? அந்த எடத்துல வச்சுதான்டி செத்தான்!"

"அப்பாவுக்கு அன்னிக்கு நேரம் சரியில்ல!"

"நேரம் இல்ல, புத்தி இல்ல!"

அவள் கையிலிருந்த துணியைத் தரையில் வீசினாள். பிறகு குனிந்து அதை எடுத்து, நான்காக மடித்து, அதற்குரிய கம்பியில் போட்டாள். அப்படியே அவன்.

"நீ இதெல்லாம் எழுதறியாம்ல? வெண்டல் மாமா சொன்னாரு. என்னையும் எழுதறியா?"

"எழுதறேன்."

"அப்ப அதுல போட்டுக்க வச்சுக்கோ. அங்க நீ சொன்னா நான் கேப்பேன்."

இப்படிப் பேசத் தெரிகிற மகளைப் பெற்றதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

6

முடிவுகள் பலவிதம். ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று தயாராக வைத்திருக்கிறார்கள்.

முதல் முடிவு கழகத்தாருடையது. ராய்ஸுக்கு மாரடைப்பு வந்திருக்க வேண்டும், விழுவதற்கு முன்பே உயிர் போயிருக்க வேண்டும், வலியே தெரிந்திருக்காது. (பிணத்தை அறுத்துப் பார்த்த மருத்துவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் என்ன, நல்ல முடிவுதானே.)

இரண்டாவது வெண்டலுடையது. இந்த ஏரியிலேயே பெரிய மீன் ஒன்று தூண்டிலைக் கவ்வி இழுத்தது, ராய்ஸ் விடவில்லை, கடைசிவரை விடவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் வெண்டலின் மீன் கொஞ்சம் வளர்கிறது.

மூன்றாவது நான் இந்தப் பகுதிக்காக எழுதியது: ராய்ஸ் தலை மேலே வருகிறது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொள்கிறான். ஜாக்கெட் படகுக்கு அடியில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். எந்தப் பொருள் எங்கே என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? மூச்சைப் பிடித்து உள்ளே கையை விடுகிறான். திருகு வளையம் தட்டுப்படுகிறது. திருகுகிறான். விரல்கள் மரத்துப்—

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். கதைக்காகச் சும்மா சேர்த்ததுதான். ஆனால் உட்கார முடியவில்லை. எழுந்து கராஜுக்குப் போய், குனிந்து அந்த வளையத்தைப் பார்த்தேன்.

திருகு பாதி திறந்திருந்தது.

வெண்டலுக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்கு அந்த ஜாக்கெட் வளையத்த நீ தொட்டியா? வேற யாராவது தொட்டாங்களா?"

"இல்லியே நடீன். எதையும் நாங்க அவுக்கல. அப்படியே நிமித்தித் தூக்கிட்டு வந்தோம். ஏன் கேக்கற?"

திருகு பாதி திறந்திருப்பதைச் சொன்னேன். அந்தப் பக்கம் வெண்டல் மெதுவாக, "ஐயோ" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆக, அவன் கெட்டிக்காரன்தான். இருட்டில், தலைகீழாக, ஐஸ் தண்ணீரில், தேடியதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டான். இன்னும் இரண்டு சுற்றுதான் பாக்கி. ராய்ஸ், உன் ஒழுங்கில் இடி விழ. உன் கொக்கியில் இடி விழ. நீ பேசாமல் ஒரு சோம்பேறியாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

7

நல்ல கதாசிரியர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். தாய் மகளை அழைத்து வளையத்தைக் காட்டுவாள். மகள் கதறுவாள். கட்டிக்கொள்வார்கள். வாசகர் மூக்கைச் சிந்திக்கொள்வார். புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போவார்.

என் மகளை எனக்குத் தெரியும். கதறுவாள், சனிக்கிழமை போட்டிக்குப் போட்டுக்கொள்வாள். ஏப்ரலில் அது மறுபடி கொக்கிக்குப் போய்விடும். இடம் என்று ஒன்று இருக்கிறவரை பொருள் அங்கேதான் போகும். அவள் அப்பன் பெற்ற பெண். கோபத்தில் வீசிய துணியையே மடித்து வைக்கிறவள்.

அதனால் நான் ஆணிப் பலகைக்குப் போய், கறுப்பு உருவத்துக்குள் தொங்கிய இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்தேன். ஜாக்கெட்டின் துணிக் காதை வெட்டி, ஜாக்கெட்டை வளையத்திலிருந்து எடுத்துக் கீழே போட்டேன். வளையத்தை, திருகு நகராமல் டேப் சுற்றி, என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு அந்தக் கொக்கியை அறுத்தேன். மட்டமான வேலை. ரம்பம் வழுக்கி இருக்கைச் சட்டத்தில் கோணல்மாணலாகக் கீறல் விழுந்தது. அவன் பார்த்திருந்தால் துடித்துப் போயிருப்பான். துடிக்கட்டும் என்று இன்னும் அழுத்தி அறுத்தேன். கொக்கி கீழே விழுந்து உருண்டது. ரம்பத்தை வேண்டுமென்றே சுத்தியலின் உருவத்தில் மாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது அந்தப் படகில் குறடுக்கு இடம் இருக்கிறது, குடுவைக்கு இடம் இருக்கிறது, லைஃப் ஜாக்கெட்டுக்கு மட்டும் இடம் இல்லை. அதை வைக்க ஒரே ஒரு இடம்தான் பாக்கி.

(தெரியும். முன்பக்கம் தூண்டில்களுக்கு மேல் செருகலாம். கீழே போட்டு அதன் மேலேயே உட்காரலாம். கழக விதிக்கு அது போதும். எல்லா ஓட்டையையும் என்னால் அடைக்க முடியாது.)

8

சனிக்கிழமை காலை. இதைப் படகுத்துறையில், என் வண்டிக்குள் உட்கார்ந்து, காகிதத்தை ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும், வெளியே உறைபனி.

துறை நிறையக் கயாக்குகள். ராய்ஸின் படகை வெண்டல்தான் விடியுமுன்பே ஏற்றிவந்து இறக்கியிருந்தான். கிளின்ட் ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்லி முடித்தான். நான் எழுதிக் கொடுத்த வரியை அவர்கள் சட்டையில் போடவில்லை. "ராய்ஸ் டிட்வெல் லைஃப் ஜாக்கெட் போடவில்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். குழுவுக்குப் பிடிக்கவில்லையாம். ஸ்வெட்டருக்கு மேல் எல்லோரும் அந்தச் சட்டையை மாட்டியிருக்கிறார்கள். முதுகுக்கு முதுகு "நேசித்ததைச் செய்தபடியே விடைபெற்றான்." விதியையும் போடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். லைஃப் ஜாக்கெட் போட்டவன் முதுகில் அந்த வரி மறைந்துவிடுகிறது. போடாதவன் முதுகில் மட்டும்தான் தெரிகிறது. வெண்டல் தலையைக் குனிந்துகொண்டு என் வண்டியைத் தாண்டிப் போனான். அவன் முதுகில் எழுத்து இல்லை.

சற்று முன் ஷெல்பி வந்து கண்ணாடியைத் தட்டினாள். கையில் ஜாக்கெட்.

"கொக்கி எங்கம்மா?"

"அறுத்துட்டேன்."

"அப்பா படகுல கை வச்சியா? யாரக் கேட்டு வச்ச?"

"யாரையும் கேக்கல."

"சட்டமெல்லாம் கீறி வச்சிருக்க! பைத்தியமா உனக்கு? இப்ப இத நான் எங்க வைக்கறது?"

"நீயே யோசி."

"எல்லாரும் எறங்கியாச்சும்மா! இப்ப வந்து..."

பையிலிருந்து வளையத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது அதுல இருந்த வளையம். இத யாரும் தொடல, வெண்டல்கிட்ட கேட்டாச்சு. அந்தத் திருகு எப்படி இருக்குன்னு பாரு."

அவள் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள், பாதி திறந்த திருகைப் பார்த்தாள். ஒரு பொருளைப் பார்த்ததும் அது எப்படி அந்த நிலைக்கு வந்தது என்று புரிந்துகொள்கிற குடும்பம் அது. அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. வளையத்தை மூடிய கையோடு, ஜாக்கெட்டை இன்னொரு கையில் இழுத்துக்கொண்டு, துறையை நோக்கி நடந்தாள்.

இப்போது தண்ணீர் ஓரத்தில் நிற்கிறாள். எனக்கு முதுகு காட்டி நிற்கிறாள். முதுகில் அந்த வரி முழுசாகத் தெரிகிறது. ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. கிளின்ட் கையை ஆட்டி அவளைக் கூப்பிடுகிறான். மற்ற படகுகள் கிளம்பிவிட்டன.

எழுதினால் அவள் கேட்பாள் என்று அவளே சொன்னாள். ஒரே வாக்கியம்தான் வேண்டும். ஜெரால்டுக்கு எழுதினேன், ஜெரால்ட் பிழைத்தான். அதனால் எந்த வீட்டில் விளக்கெரிந்தது?

"ஷெல்பி லைஃப் ஜாக்கெட்டை—"

மாட்டேன். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது முதலில் உங்கள் கையை ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் விட்டு, விரல் மரத்ததும் ஒரு திருகைத் திருகிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நேசித்தது, விடைபெற்றது என்று மட்டும் எதையாவது எழுதினீர்கள் என்றால் வீடு தேடி வந்து உதைப்பேன்.

நான் பேனாவை மூடுகிறேன். எழுதுவதற்குக் குனிந்தால் அவள் முதுகு எனக்குத் தெரிவதில்லை.